உள்ளங்கைச் சூடம்

இரும்புச் சாமான்களை நெடியடிக்கும் ரசாயனக் கரைசல் தொட்டியில் வெறுங்கையால் முக்கி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மூத்தவள், மணி அடித்ததும் எழுந்து சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெறும் உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். அது எரிந்து அடங்கும்வரை முகம் கோணவில்லை. பட்டறையே கைகூப்பி நின்றது.

இளையவளுக்கு வயிறு எரிந்தது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள் இருவரும். கும்பிடுவதும் ஒரே சாமியைத்தான். மூத்தவளின் புருஷன் கல்லுக்குண்டாக நடமாடினான். இவளுடையவனோ சாயங்காலமானால் காய்ச்சல் கண்டு, பாயோடு பாயாகக் கிடந்தான்.

"எப்படிக்கா தாங்குற?"

"மனச முழுசா குடுத்துட்டா வலி எங்கடி வரும்? உனக்குப் பாதி மனசு வீட்டுலயே கெடக்கு."

அந்தச் சொல் தைத்துவிட்டது. மறுநாள் இவளும் ஏற்றிப் பார்த்தாள். ஒரு நொடி தாங்கவில்லை. உதறியதில் சூடம் தரையில் விழுந்து புகைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவள் மட்டும் சிரிக்காமல் பரிதாபமாகப் பார்த்தாள், அதுதான் பொறுக்கவில்லை.

கொஞ்ச நாளில் மூத்தவளின் கையிலிருந்து சாமான்கள் நழுவி நழுவி விழுந்தன. மேஸ்திரி அவளைக் கூட்டிப் பெருக்க அனுப்பினார். சாமி படத்துக்குப் பக்கத்து இடமாயிற்றே என்று இளையவள் முந்திக்கொண்டு தொட்டியடியில் உட்கார்ந்தாள்.

"கையுறை இருக்குங்களாண்ணே?"

"உங்கக்கா இத்தன வருஷத்துல ஒரு நாளாவது கேட்டிருப்பாளா? அவ பக்திக்காரி."

அதற்குப் பிறகு இவளும் கேட்கவில்லை.

எட்டு மாதம் போயிற்று. விரல் நுனிகள் வெளுத்து, ரவிக்கைக் கொக்கி மாட்டுவதே பெரும்பாடாக இருந்தது. ஒரு சாயங்காலம், வேலை முடிந்ததும், மனதைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளங்கையில் சூடத்தைக் கொளுத்தினாள். எரிந்தது. வலிக்கவில்லை. முழுதாக எரிந்து அணைந்தது. கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டியது. துடைப்பத்தோடு நின்ற மூத்தவளின் முகம் சுருங்கிப்போனதை அதற்குள்ளும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். வயிறு குளிர்ந்தது.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். கொப்பளித்த கையைப் புருஷனின் நெற்றியில் வைத்தாள். கழுத்தில் வைத்தாள். துளிகூடச் சூடு இல்லை.

"என்னங்க, காய்ச்சல் விட்டுடுச்சு. சாமி கண்ணத் தொறந்துடுச்சு."

அவனுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "இன்னொரு போர்வை குடு" என்றான்.

அவள் சிரித்துக்கொண்டே தலைமாட்டிலிருந்த மாத்திரைகளை எடுத்து, அலமாரியின் மேல்தட்டில், இனி வேண்டாத சாமான்களோடு வைத்தாள்.