குப்பைமேனியின் வளையம்

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலேறி, சிதம்பரத்தில் ஓர் ஆய்வகத்துக்கு வந்து போகும் மேரி ஷாலினிக்குக் குப்பைமேனி என்றால் உயிர். சாக்கடையோரம் சீந்துவாரில்லாமல் கிடக்கும் அந்தச் செடிக்கு, புண்ணில் சீழ் வைக்கும் கிருமியைத் தடுக்கும் சக்தி உண்டு என்று நிரூபிக்க மூன்று வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

இலையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றைப் பொட்டளவு காகித வில்லையில் விட்டு, கிருமி தடவிய தட்டில் வைப்பாள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் தெரிந்தால் வெற்றி. அவளுக்கோ ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று பதினெட்டு மில்லிமீட்டர் வளையம். பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆய்வு வழிகாட்டி ஜெயசீலன் சார் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெறும் மெத்தனால் டிஸ்க் எங்கம்மா?”

“வைக்கல சார். அது எப்படியும் காஞ்சு பறந்துடும்னு...”

“வச்சுப் பாரு.”

வைத்துப் பார்த்தாள். செடியே படாத அந்த வில்லையைச் சுற்றியும் பெரிய வளையம். சாயங்கால ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், தினமும் ஈரம் காயுமுன்பே வில்லைகளைத் தட்டில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். இத்தனை நாளும் கிருமியைக் கொன்றது மெத்தனால். பெயரைத் தட்டிக்கொண்டு போனது குப்பைமேனி. ரயிலைத் திட்டி என்ன பயன்?

“இன்னொரு வாட்டி பண்ணு. அதுலயும் ஒண்ணும் வரலன்னா வேற டாபிக்தாம்மா” என்றார் சார். மூன்று வருஷமும் வீண் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அன்று ரயிலை விட்டுவிட்டு வில்லைகளுக்குக் காவல் உட்கார்ந்தாள். அம்மா அந்தோணிமேரி போனில் பிடித்துக்கொண்டாள்.

“காயணும்னா ஃபேனப் போட வேண்டியதுதானடி?”

“ஃபேன் போட்டா ஊர்க் கிருமியெல்லாம் வந்து குந்திக்கும்மா. நான் பஸ்ல வந்துர்றேன்.”

வில்லைகள் சருகாகக் காய்ந்த பிறகே தட்டுகளில் வைத்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தட்டை எடுத்தாள். மெத்தனால் வில்லையின் விளிம்புவரை கிருமி பாலாடையாகப் படர்ந்திருந்தது. வளையம் இல்லை. பக்கத்து வில்லையைப் பார்த்தாள். அதே ஆடை, குப்பைமேனிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. மெல்லிய, முழுமையான வட்டம். மூன்று தட்டிலும் அப்படியே.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆடுகூட முகர்ந்துவிட்டு விலகிப் போகும் ஒரு களை, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களைப் பார்த்து ‘இதற்கு மேல் வராதே’ என்று சொல்லியிருக்கிறது, அவையும் கேட்டிருக்கின்றன. பெரிய வளையங்களைப் பார்த்தபோது பெருமைதான் வந்தது. இதைப் பார்க்கையில் கோயிலுக்குள் நிற்பதுபோல் இருந்தது. தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜெயசீலன் சார் வந்து அளவுகோலை வைத்தார். வில்லையையும் சேர்த்துப் பத்து மில்லிமீட்டர்.

“என்னம்மா, இத்துனூண்டு இருக்கு?”

“இத்துனூண்டுதான் சார்” என்றாள் மேரி ஷாலினி. கண் நிறைந்துவிட்டது. “ஆனா அவ்வளவும் செடி பண்ணுது.”