எல்லைக்கல்

எங்கள் தெரு வரைபடத்தில் இல்லை. 1961இல் சுரங்கத்துக்கு நிலம் அளக்க வந்த சர்வேயர் ஜெயராமன் படத்தை விரித்தபோது நானே பார்த்தேன். வைத்திலிங்கத்தின் முந்திரித் தோப்பு இருந்தது, கம்பங்கொல்லை இருந்தது, வறண்ட ஓடைகூட இருந்தது. நாங்கள் குடியிருந்த மேடு வெறும் புறம்போக்கு.

படத்தில் இல்லாத வீட்டுக்கு மாற்று மனை கிடையாதாம். பக்கத்து நிலத்துக்காரர் வீடுகள் உண்டென்று கையெழுத்துப் போட்டால் சேர்க்கலாம் என்றார். வைத்திலிங்கம் மறுத்துவிட்டார். மேட்டையும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

என் தாத்தா காலத்தில் இங்கே நாற்பது வீடு. பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறினார்கள். நடவுக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம் போன சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மிச்சம் பதினொன்று. ஒருவருக்கும் பட்டா இல்லை. ஆனால் செம்மண் எங்கே முடிகிறது, மழைத் தண்ணீர் எங்கே திரும்பும் என்று எங்களுக்குத்தான் தெரியும். சிதம்பரத்தில் பி.ஏ. படித்து நான் தெரிந்துகொண்டதல்ல இது.

அளவை எல்லைக்கல்லில் தொடங்க வேண்டும். கல் மண்ணுக்குள் கிடந்தது. வைத்திலிங்கம் பண்ருட்டிவாசி, முந்திரி சீசனுக்கு மட்டும் வருவார். குடையை நீட்டித் தோரணையாக ஒரு கல்லைக் காட்டினார். சங்கிலி பிடித்து இரண்டு முறை அளந்தும் படத்தோடு ஒத்துவரவில்லை. என் அப்பா கலியன் தலையைச் சொறிந்தார்.

"அது மாடு ஒரசிக்கிற கல்லுங்க ஐயா. நான்தான் நட்டேன்."

சங்கிலிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நிஜக் கல்லைக் காட்டு என்று வைத்திலிங்கம் அதட்ட, அப்பா மண்வெட்டியோடு கிளம்பினார். முப்பது வருஷம் வைத்திலிங்கத்தின் கொல்லையில் ஏர்க்கொழு இடிக்காமல் அந்தக் கற்களைச் சுற்றி உழுதவர். நான் குறுக்கே நின்றேன்.

"அவரு மொதல்ல கையெழுத்துப் போடட்டும். அப்புறந்தான் கல்லு."

பெண்ணைப் படிக்கவைத்தால் இதுதான் கதி என்று வைத்திலிங்கம் அப்பாவிடம் சொன்னார். படிக்காதவளாக இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன், இன்னும் கெட்ட வார்த்தையில், என்றேன்.

"அவரு உப்பத் தின்னவங்கம்மா நாம," என்று அப்பா முணுமுணுத்தார்.

"அவரு தின்ன கம்பு நீ வெதச்சது."

அப்பா நகரவில்லை. கல் இல்லாமல் அளவு இல்லை, அளவு இல்லாமல் நஷ்டஈடு இல்லை. வைத்திலிங்கத்துக்கு அது சீக்கிரமே உறைத்தது. பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெயராமன் வாசல் வாசலாக எழுதி, பத்தில் நிறுத்தினார். பதினோராவதான மாணிக்கம்மாள் வீட்டுக்குப் படல் சாத்திக் கட்டியிருந்தது. ஆளில்லாத வீட்டை எழுத முடியாது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"அது நடவுக்குப் போயிருக்குதுங்க. அதையும் எழுதிட்டு வாங்க. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

குந்திவிட்டார். ஜெயராமன் பேனா மூடியைக் கழற்றி, மாணிக்கம்மாளின் புருஷன் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார்.