மாவு இறுகும் நேரம்

என் கை சும்மா இருக்காது. சும்மா இருந்த காலமே கிடையாது. பாண்டில் கையெழுத்து வாங்கிய அதிகாரிகூட என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். ஒரு வருடம் நன்னடத்தை. அதற்குள் எவன் மேலாவது கை வைத்தால் மீதி நாள் பூராவும் உள்ளே இருக்க வேண்டும். என் மனைவி செங்கொடி அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"புள்ள பொறக்கச் சொல்ல நீ வெளிய இருக்கணும். வேற ஒண்ணும் வாணாம் எனக்கு."

சரி என்றேன். வியாசர்பாடியில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அந்தச் சரியை நம்பவில்லை. நானும் முழுசாக நம்பவில்லை.

காசிமேட்டில் ஐஸ் பார் இறக்கி உடைக்கிற வேலை எனக்கு. காலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும். மீதிப் பகல் முழுக்க இந்த இரண்டு கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் பேஜாரு. ஜீஷான்தான் வழி சொன்னான். என்னோடு பத்தாவது வரை படித்தவன், இப்போது துறைமுக ஏஜென்சி ஆபீஸ் ஒன்றில் கிளார்க். கல்மண்டபத்தில் அவன் வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலைந்து பேர் கூடி, பெரிய மேஜையில் சின்னச் சின்ன பொம்மைகளை நிறுத்தி, தாயக்கட்டை மாதிரி ஒன்றை உருட்டிச் சண்டை போடுவார்கள். எல்லாருக்கும் முப்பது வயது. அவன் தங்கை லுப்னாவும் விளையாடுவாள். அவள் நர்ஸிங் முடித்தவள், அந்தக் கூட்டத்தில் மூளை உள்ளவள் அவள் ஒருத்திதான்.

"மேஜை மொட்டையா கீது மாமு. செவுரு, வூடு, பாலம்லாம் யாராச்சும் ஊத்திக் குடுத்தா நல்லாருக்கும்" என்றான் ஜீஷான். "கையில மாவு ஒட்டிகினு இருந்தா எவனையும் அடிக்கத் தோணாது."

மாவு என்பது பிளாஸ்டர் மாவு. எலும்பு முறிந்தால் போடுவார்களே, அந்தக் கட்டுக்குப் போகிற மாவு. எங்கள் பக்கத்தில் மாவுக்கட்டு என்று சொன்னாலே சிரிப்பு வரும். ஸ்டேஷனுக்கு நன்றாக நடந்து போனவன் திரும்பும்போது கையில் மாவுக்கட்டோடு வருவான். கேட்டால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்பான். நானும் ஒரு தடவை அப்படி வழுக்கி விழுந்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் நான் ஊற்றியதெல்லாம் குப்பைக்குத்தான் போனது. தண்ணீரில் மாவைத் தூவாமல் மாவில் தண்ணீரை ஊற்றினேன், கட்டி கட்டியாக நின்றது. வேகமாகக் கலக்கினேன், உள்ளே குமிழி குமிழியாகக் காற்று. அச்சிலிருந்து எடுத்தால் சுவரில் அம்மை போட்டிருக்கும். ஒரு நாள் அவசரத்துக்கு உப்பு போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கினேன். சீக்கிரம் இறுகும் என்று வீடியோவில் சொல்லியிருந்தான். அதே வீடியோவில் கை வைக்காதே என்றும் சொன்னான், அதை நான் கேட்கவில்லை. இறுகும்போது மாவு சுடும். சும்மா வெதுவெதுப்பு இல்லை. இரண்டு விரல் நுனி சிவந்து நாலு நாள் எரிந்தது. லுப்னா மருந்து போட்டுவிட்டு, "பக்கெட்ல கைய வுட்டவங்களுக்கு வெரலே போயிருக்கு வரதண்ணா, வெளையாட்டு இல்ல" என்றாள். நான் அதை மறக்கவே இல்லை. இதைப் பிற்பாடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டு போட்ட அஞ்சாம் மாதம் எனக்குக் கை படிந்தது. என்ன ஊற்றட்டும் என்று கேட்டபோது ஜீஷான் ஒரு கதை சொன்னான். கடலிலிருந்து பேய்க்கப்பல் வருகிறது. அதில் இருப்பவை தெருவுக்குள் இறங்குகின்றன. விளையாடுகிறவர்கள் ஆறு பேரைக் காப்பாற்ற வேண்டும். கோட்டை, குகை என்று அவன் ஏதோ படம் காட்டினான். நான் கோட்டையைக் கண்டேனா, குகையைக் கண்டேனா? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தெரு. அதையே ஊற்றினேன்.

அது வேம்புவின் தெரு. ஜீஷான் வீட்டுக்குப் பின்னால் இரண்டு திருப்பம் தள்ளி. எந்தச் சந்து எதில் முட்டும், எந்தப் படி உடைந்திருக்கும், எந்தச் சுவர் ஏறலாம் என்று கண்ணை மூடிச் சொல்வேன். அதை நான் மனப்பாடம் செய்தது விளையாட்டுக்காக இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் மீன் ஏலக்கூடத்தில் வந்த தகராறுக்காக வேம்புவின் இடது கைச் சுண்டுவிரலை நான்தான் எடுத்தேன். அதற்காக ஒரு வாரம் அந்தத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பாண்டு வந்ததும் அந்த மாதிரிக் கணக்குகளால்தான்.

வீடுகள் வந்தன. பச்சை கேட் வந்தது. வேம்புவின் தண்ணீர் லாரிகூட ஒரு சோப்பு டப்பா அளவில் வந்தது. காப்பாற்ற வேண்டிய ஆறு பேரை வேர்க்கடலை அளவுக்கு ஊற்றி, தூரத்திலிருந்து தெரியட்டும் என்று சிவப்பு அடித்தேன். டீ மாஸ்டர் ஒருத்தர், வலை பின்னுகிறவர் ஒருத்தர். பச்சை கேட் படியில் இரட்டைச் சடையோடு ஒரு பெண் குழந்தை. வேம்புவின் மகள் எப்போதும் அந்தப் படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்தப் படி அவள் இல்லாமல் எனக்கு முழுசாகத் தெரியவில்லை. ஒரு குமிழிகூட இல்லாமல் வந்த முதல் பொம்மை அதுதான். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜீஷான் நல்லவன். படித்தவன். ஆனால் நாங்கள் பேசுகிற பாஷையின் அடியில் இன்னொரு பாஷை ஓடுவது அவனுக்குத் தெரியாது. மேஜையை, ஓரத்தில் நான் நிற்பதும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். கீழே எழுதினான்: "கல்மண்டபம் ஸ்கெட்ச் ரெடி. ஞாயிறு நாலு மணி சம்பவம். சிவப்பு கலர் ஆறு பேர் டார்கெட்."

ஸ்கெட்ச் என்றால் அவனுக்குப் படம். எங்களுக்கு, ஒருவனைப் போடுவதற்குப் போடுகிற திட்டம். சம்பவம் என்றால் கொலை. தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டும் என்று அவன் போனில் வேம்பு நம்பர் இருந்தது. வேம்பு போனிலும் இவன் நம்பர் இருந்தது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத்தான் அதைப் பார்த்தேன். அவனை அழிக்கச் சொன்னேன். வேம்புவுக்குப் போன் போடச் சொன்னேன். போட்டான், எடுக்கவில்லை.

"நீ நேரா போயி சொல்லிட்டு வாயேன் மாமு" என்றான்.

"அவன் வூட்டு வாசல்ல நான் நின்னாலே பாண்டு காலி."

அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. தெருமுனையில் நின்று யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். வரதன் பொம்மை செய்கிறான் என்று வேம்புவுக்குத் தெரியப்போவதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். நாலு மணிக்கு இன்னொரு தடவை போன் போடலாம் என்று சொல்லிவிட்டு, கடைசிப் பாலத்துக்கு பக்கெட்டில் மாவு கலக்க உட்கார்ந்தேன். நேரம் இல்லை என்று உப்பும் வெந்நீரும் போட்டேன்.

மாவு தயிர் பதத்துக்கு வந்த நேரம். படியில் செருப்புச் சத்தம். கதவை உதைத்துக்கொண்டு வேம்பு உள்ளே வந்தான், கையில் மீன் வெட்டுகிற கத்தி. பின்னால் அவன் மச்சான் பாரி. லுப்னா என்ன நினைத்தாளோ, பாரியின் முகத்தில் கதவை அறைந்து தாழ்ப்பாள் போட்டாள். விரல் மாட்டி அவன் வெளியே அலறினான்.

முதல் வெட்டு என் முழங்கையில். எலும்பு வரை போனது தெரிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன், இதை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். "வேம்பு, வெளையாட்டுடா இது, பொம்மைடா" என்றேன். அவன் கேட்கிற நிலையில் இல்லை. மேஜையைப் புரட்டினான். அஞ்சு மாத உழைப்பு தரையில் தூளாகப் போனது. அடுத்த வீச்சு ஜீஷானுக்கு. தோளிலிருந்து மார்பு வரை சட்டை கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் சுவரோடு சரிந்தான். வேம்பு மறுபடி கையை ஓங்கினான்.

அடித்தால் ஏழு மாதம் உள்ளே. அது எனக்கு அந்த நொடியிலும் நினைவிருந்தது. நான் அடிக்கவில்லை. கத்தி பிடித்த மணிக்கட்டைப் பிடித்து, முறுக்கி, அவனைக் குப்புறத் தள்ளி, அந்தக் கையை பக்கெட்டில் முழங்கை வரை இறக்கினேன். தினமும் ஐஸ் பார் தூக்குகிற உடம்பு இது. முதுகில் முட்டியை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். கத்தி உள்ளே எங்கேயோ போனது.

அவன் திமிறினான், என் காலைக் கடித்தான். மாவு தயிரிலிருந்து களி ஆனது. களியிலிருந்து கெட்டி ஆனது. பக்கெட்டின் வெளிப்பக்கம் என் உள்ளங்கையில் வெதுவெதுத்தது.

"சுடுதுடா. வுட்றா" என்றான் வேம்பு.

அவனிடம் கத்தி இல்லை. ஜீஷானை லுப்னா துணி வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். சண்டை முடிந்திருந்தது. அப்போதே விட்டிருக்கலாம்.

"வரதண்ணா, வுடுங்க. சூடு ஏறுது. அவர் கை போயிடும்" என்றாள் அவள்.

நான் விடவில்லை. வேம்புவின் கன்னம் தரையோடு அழுந்தியிருந்தது. அவன் கண்ணுக்கு நேராக அந்தச் சிவப்புக் குழந்தை கிடந்தது, ஒரு சடை உடைந்து. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்னிய போடு, இன்னா வேணா பண்ணு. எம் பொண்ண ஏன்டா ஸ்கெட்ச்ல வச்ச? அதுக்கு எட்டு வயசுடா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பயந்துதான் வந்திருக்கிறான். மகளைப் போடப்போகிறேன் என்று நம்பி, நாலு மணிக்கு முன்னால் என்னை முடிக்க வந்திருக்கிறான். அவன் இடத்தில் நான் இருந்தால் இரண்டு மணிக்கே வந்திருப்பேன். அவளைக் காப்பாற்றத்தான் வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முட்டியையும் எடுக்கவில்லை. அவன் கத்த ஆரம்பித்தான். அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, இனித்தது.

லுப்னா வந்து என் முகத்தில் ஓங்கி அறைந்தபோதுதான் எழுந்தேன். அதற்குள் கையை இழுக்க முடியாதபடி மாவு கல்லாகிவிட்டது. சுத்தியலால் பக்கெட்டை உடைத்து, உளி வைத்துப் பிளந்தோம். தோல் மாவோடு வந்தது. பிளந்த இரண்டு பாதியிலும் வேம்புவின் வலது கை பள்ளமாகப் பதிந்திருந்தது, ரேகை வரைக்கும். ஒரு குமிழி இல்லை.

ஜீஷானுக்கு இருபத்தாறு தையல், பிழைத்துக்கொண்டான். வேம்புவுக்கு மூன்று விரல் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த எஸ்.ஐ. என்ன நடந்தது என்று கேட்டார். லுப்னா வாய் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்த வேம்பு சொன்னான்.

"தண்ணி கேன் வைக்கப் போனேன் சார். வழுக்கி வுழுந்துட்டேன். பக்கெட்ல கை பூட்ச்சு. இவங்களுக்கு ஒடஞ்ச கண்ணாடி கிழிச்சிட்ச்சு."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், சிரித்தார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து செங்கொடியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பாண்டு உடையவில்லை என்றும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வேம்பு இன்னா சொன்னான், திருப்பிச் சொல்லு."

"வழுக்கி வுழுந்தேன்னான்."

அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான். போலீசில் சொன்னவன் அதோடு விட்டுவிடுவான். சொல்லாதவன் பழியைத் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அவன் பொண்ணு மேல நீ கைய வைக்கப் போறன்னு நெனச்சிகினு கீறான்" என்றாள். "அப்போ அவன் ஸ்கெட்ச்ல யாரு இருப்பா?"

நான் அவள் வயிற்றைப் பார்த்தேன்.

"புள்ள பொறக்கச் சொல்ல நீ வெளிய இருக்கணும்னு கேட்டேன். இப்ப அது வாணாம். புள்ள பொறந்தா போதும். போயி சொல்லிட்டு வா."

ஸ்டேஷனில் ரைட்டர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் புரை ஏறியது.

"அவனே வழுக்கி வுழுந்தேன்னு சொல்லிட்டான். உனக்கு இன்னாடா நோவு? ஏழு மாசம் உள்ள போவணும்னு ஆசையா?"

"அது வெளையாட்டு ஸ்கெட்ச் சார். அந்தப் பாப்பா காப்பாத்த வேண்டிய ஆளு. அத மொதல்ல எழுதுங்க. அவனுக்குப் படிச்சிக் காட்டுங்க."

"அப்பால?"

"அவன் வழுக்கி வுழல. நான்தான் புடிச்சி வச்சேன். வுட்றா வுட்றான்னான். கேட்டுகினேதான் இருந்தேன். வுடல."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, பேனாவை எடுத்தார்.