ஒரு மணிக்காரி பை வாங்காத கதை

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. அவளுக்கு இன்னும் தெரியாது. முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டாயிற்று. இனி கொஞ்சம் மூச்சு விடலாம்.

இணையக் கடைகளுக்கு வாசகம் எழுதுவது என் பிழைப்பு. சும்மா பார்க்க வந்தவரைப் பணம் கட்ட வைக்கும் வாசகம். ‘இன்னும் இரண்டே இரண்டுதான் இருக்கிறது!’ என்று உங்களைப் பயமுறுத்துவது நான்தான். பக்கத்தை மூடப் போகும்போது ‘அதற்குள் கிளம்பிவிட்டீர்களா?’ என்று கண்ணைக் கசக்குவதும் நான்தான். பதினோரு வருடமாக இதே வேலை. அலுத்துவிட்டது ஐயா. பொத்தானில் ‘வாங்கு’ என்று போடுவதா, ‘எனக்கு வேண்டும்’ என்று போடுவதா என்று ஆறு பேர் ஒரு மதியம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டதை நேரில் பார்த்தவன் நான்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு

(வேண்டாம். மழையே இல்லை.)

நூறு பேர் கடைக்குள் வந்து தொண்ணூற்றெட்டுப் பேர் வெறுங்கையோடு திரும்பினால், கோளாறு

(இது அலுவலகத்தில் எழுதிப் பழகிய கை. தொலையட்டும்.)

அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “வந்தாளாடா?”

(இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.)

3

அக்கா துணி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவள். அதை விட்டுவிட்டு, வீட்டுப் பின்னறையில் தோள்பை தைத்து விற்கிறாள். இணையத்தில் கடை போட்டுக் கொடுத்தது நான். நாளைக்கு ஐந்து பேர், ஆறு பேர் எட்டிப் பார்ப்பார்கள். சில நாள் ஈ, காக்கை இருக்காது.

ஒருத்தி மட்டும் தவறாமல் வந்தாள். மதியம் ஒரு மணிக்கு, ஒரே கைபேசியிலிருந்து. நேராகப் பச்சைப் பைக்குப் போவாள், கூடையில் போடுவாள், பணம் கட்டும் பக்கம்வரை வருவாள், போய்விடுவாள். கடைக்கு வருகிறவர்களை எண்ணும் கணக்குப் பக்கம் அவ்வளவுதான் காட்டும். பெயர் காட்டாது. அக்காதான் ‘ஒரு மணிக்காரி’ என்று பெயர் வைத்தாள். பெண் என்று முடிவு கட்டியதும் அவள்தான்.

“புருஷன் கஞ்சப்பயலா இருப்பான்டா. ஒரு பை வாங்க விடமாட்டேங்கிறான் பாரு.”

[இந்த வசனம் என் கற்பனை இல்லை. இதே வார்த்தைகள்.]

அவளுக்காக அனுப்பும் செலவை நீக்கினோம். பையை வெயிலில் வைத்துப் புதிதாகப் படம் பிடித்தோம். என் பதினோரு வருட வித்தையையும் இறக்கினேன். ம்ஹூம். இதற்கு நடுவில் வேறொரு பெண் போன் செய்து அதே பச்சைப் பையைக் கேட்டாள். கடைசிப் பை அது. “தீந்துபோச்சுங்க” என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

“ஏன்க்கா! கையில காசோட வந்தவளத் தொரத்திட்டியே!”

“அது அவளுக்குன்னு எடுத்து வச்சதுடா. நாளைக்கு வந்து பாத்து இல்லேன்னா மனசு விட்டுப்போயிடாது?”

இதற்கு எந்த வாசகம் எழுத முடியும், சொல்லுங்கள்.

போன வாரம் கம்பெனியிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “அதுக்குள்ள அவ வாங்கிட்டா கடைய நடத்துறேன். இல்லேன்னா வேலைக்குப் போயிடறேன். எனக்கும் முடியலடா” என்றாள் அக்கா.

4

புதன்கிழமை மதியம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்ய மாமாவிடம் போனேன். அக்காவின் கணவர். கண்ணாடிக் கடையின் பின்பக்கம் வில்லை தேய்க்கிறவர். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. கையில் கைபேசி. திரையில் பச்சைப் பை.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் அசடு வழிந்தார்.

“அவகிட்ட சொல்லிடாத மாப்ள. யாரும் வரலேன்னா அவ மூஞ்சி தொங்கிப்போயிடுது. ஒரு ஆள் வந்தாப் போதும், அன்னைக்கு பாட்டு பாடிக்கிட்டே தைக்கிறா.”

“வாங்கித் தொலைச்சிருக்கலாமே மாமா?”

“அட்ரஸ் கேக்குதே! எதக் குடுக்க? பார்சல் நம்ம வீட்டுக்குத்தானே வந்து நிக்கும்!”

(இந்தப் பாத்திரத்தை எனக்கே நம்ப முடியவில்லை. இத்தனை வருடத்தில் ‘குழம்பு நல்லாயிருக்கு’ என்றுகூட அக்காவிடம் சொல்லாத மனிதர். திருத்தி எழுதலாமா என்று பார்த்தேன். திருத்தினால் அவர் மாமாவாக இருக்க மாட்டார்.)

“வெள்ளிக்கிழமைன்னு கெடு வச்சிருக்காளாமே. உன் ஆபீஸ் அட்ரஸக் குடுத்து வாங்கிடவா?” என்றார்.

5

முதல் முடிவு: மாமா வாங்குகிறார். அக்கா துள்ளிக் குதிக்கிறாள். இல்லாத ஒருத்தியை நம்பி இன்னும் எத்தனை வருடம் தைப்பாள்? எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டாம் முடிவு: நான் சொல்லிவிடுகிறேன். அக்கா மிஷினை மூடி

(முடிக்க முடியவில்லை.)

மூன்றாவதைத்தான் செய்தேன். மாமாவை வாங்க விடவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் தைரியம் இல்லை. இதுவரை நீங்கள் படித்ததை எழுதி அக்காவிடம் கொடுத்தேன்.

6

இன்று வெள்ளி. அக்கா மெதுவாகப் படித்தாள். ‘கஞ்சப்பய’ வந்த இடத்தில் என்னை முறைத்தாள். நான்காம் பகுதியை இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மணி ஒன்று. கணக்குப் பக்கத்தில் பூஜ்யம் ஒன்றாகியது.

“சாப்பிடாம உக்காந்து பையப் பாத்துக்கிட்டிருக்காரு பாரு, மனுஷன்” என்றாள்.

“கம்பெனிக்கு என்னக்கா சொல்லப்போற?”

பதில் சொன்னாள். அதை எழுதினால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். ஆட்களைச் சாய்த்துச் சாய்த்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். கண்ணாடிக் கடையும் கம்பெனியும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன.