கேட்டுச்சா மச்சான்?

எனக்கு இல்லாத குரல்கள் கேட்கும். இதைச் சொல்ல இப்போதெல்லாம் நான் கூச்சப்படுவதில்லை. சர்க்கரை இருக்கிறவர் சர்க்கரை என்று சொல்வதில்லையா? பாதி வேலையை மாத்திரை பார்க்கும், மீதியை மச்சான் பார்ப்பார்.

மச்சான் என் அக்காவின் கணவர். நாங்கள் இருவரும் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள். குரல் வந்தால் நான் "கேட்டுச்சா?" என்பேன். அவர் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். டாக்டர் முன்னால் அக்கா அவரிடம் வாங்கிய வாக்கு அது. மற்றபடி மனிதர் வாயைத் திறந்தால் புளுகுதான். கல்யாணத்தன்று தன் தலையில் சீப்பே நுழையாது என்பார், ஃபோட்டோவிலேயே வழுக்கை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொன்னதில்லை.

போன வாரம் டாக்டர் என் மாத்திரையின் அளவைக் குறைத்தார். கை நடுங்கி ஸ்பேனர் நிற்கமாட்டேன் என்கிறது, வேலை போய்விடும் என்று நான்தான் கெஞ்சினேன்.

அன்று ஓர் அலுவலகக் கட்டடத்தில் பிரேக் மாற்றி முடித்திருந்தோம். லிஃப்ட் கூண்டு மேல்மாடியில் நின்றது, நாங்கள் கீழ்த்தளத்தில் நின்றோம். அதைக் கீழே இறக்கிப் பார்ப்பதுதான் பாக்கி. பட்டனை நோக்கி விரலை நீட்டினேன். மூடிய கதவுக்குப் பின்னால், கூண்டு வந்து இறங்கும் பள்ளத்தில், ஒரு குழந்தை தேம்பியது.

சாப்பிடப் போனபோது கதவைப் பூட்டினோமா?

"மச்சான், கேட்டுச்சா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"கேட்டுச்சு."

அவ்வளவுதான். மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாவி போட்டுத் திறந்து, இரும்பு ஏணியில் இறங்கினேன். டார்ச் வெளிச்சத்தில் கிரீஸ், தூசி, யாரோ தவறவிட்ட ஒற்றைச் செருப்பு. குழந்தை இல்லை. ஆனால் தேம்பல் காதோரத்திலேயே கேட்டது.

மச்சானுக்கும் கேட்டதே, அப்படியானால் இருக்கத்தானே வேண்டும்? கூண்டைத் தாங்கும் ஸ்பிரிங்குக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். விரல் கிழிந்தது. தரையைத் தட்டினேன். பிறகு சுரண்டினேன். சிமெண்டுக்கு அடியில் இருக்கிறது, மூச்சு முட்டுகிறது, கடப்பாரை வேண்டும் என்று கத்தினேன்.

"மேல வா மாப்ள!"

"உங்களுக்கும் கேட்டுச்சுல்ல? இறங்கி வாங்க!"

"கேக்கல!" மச்சானின் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்ணுமே கேக்கலடா! பொய் சொல்லிட்டேன்!"

ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டாக்டர் பழக்கிவிட்டபடி, தொடுவதைச் சொன்னேன். இரும்பு. குளிர்ச்சி. துரு. மூச்சை மெல்ல விட்டேன். தேம்பல் நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு ஏறி வந்தேன்.

வந்ததும் அவர் சட்டையைப் பிடித்தேன். அக்கா புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏன்யா?"

"கேக்கலன்னு சொன்னா மறுபடி மாத்திரைய ஏத்துவாங்க. கை நடுங்கும். வேலை போயிடும்னு நீ அழுதது எனக்கு மறக்கல. நீ சும்மா பார்த்துட்டு ஏறி வந்துடுவன்னு நெனச்சேன்."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாங்க. நீங்க என்கிட்ட பொருந்தவும் சொல்லக் கூடாது. உங்க 'கேட்டுச்சு' பொய். 'கேக்கல'யும் பொய்னா நான் எதைப் பிடிச்சு நிப்பேன்?"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அக்காவை ஃபோனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்ப அழைத்தாள். இன்றிலிருந்து பழைய அளவு, நாளைக்கே நேரில் வரவேண்டும். கை நடுங்கினால் நடுங்கட்டும். ஸ்பேனரை மச்சான் பிடிப்பார், டார்ச்சை நான் பிடிப்பேன்.

மச்சான் பள்ளத்தை மறுபடி பார்த்தார், கதவைப் பூட்டினார், இழுத்துச் சரிபார்த்தார், மெயினைப் போட்டார். நான் பட்டன் முன்னால் நின்றேன். உள்ளே குழந்தை அம்மாவைக் கூப்பிட்டு அழுதது.

"கேட்டுச்சா மச்சான்?"

அவர் கண் கலங்கியிருந்தது.

"கேக்கல."

"நிஜமா?"

"உங்கக்கா மேல..."

"சத்தியமெல்லாம் வேணாம். சும்மா சொல்லுங்க."

"கேக்கல மாப்ள."

குழந்தை வீறிட்டது. நான் பட்டனை அழுத்தினேன்.