தழைத்தண்ணி

பொகவந்தலாவை பஜாரிலிருந்து மேலே ஏறும் பாதையில், தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டியதும் பழைய துரை பங்களா வரும். பல வருஷம் பூட்டிக் கிடந்த அந்தப் பங்களாவைக் கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மாள் குத்தகைக்கு எடுத்து, உடம்பு இளைக்க வருகிறவர்களுக்கான விடுதியாக மாற்றியிருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றே சொன்னார்கள். விருந்தாளிகள் ஒரு வாரம் தங்குவார்கள். காலையில் தேயிலை மலையைச் சுற்றி நடை, அப்புறம் மூச்சுப் பயிற்சி, மூன்று வேளையும் சூடான சைவச் சாப்பாடு. குளிருக்கு இதமாக இருக்க வேண்டும், உடம்பில் ஒட்டக் கூடாது. எண்ணெய் இல்லை, தேங்காய்ப் பால் இல்லை, கோதுமை மா இல்லை. வந்த அன்றும் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலமும் ஆட்களைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள்.

அந்தக் குசினியில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஜீவராணிக்குச் சமையல் வேலை கிடைத்ததைக் கேட்டு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் சந்தோஷப்படாத ஆள் இல்லை. அவளுக்கு மூச்சிழுப்பு நோய். முந்தின மழைக்காலத்தில் கொழுந்துக் கூடையோடு மலையில் விழுந்தவளைத் தோட்டத்து லொறியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு மழைக்காலத்தை மலையில் கழித்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னார். கழிக்காமல் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொன்னவன் திலக்ஷன்தான்.

திலக்ஷன் பங்களாவின் மேற்பார்வையாளன். லயத்தில் ஜீவராணிக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மாவின் மகன். ஹட்டனில் படித்து, ஹோட்டல் வேலைக்குப் பயிற்சி எடுத்து, சிங்களமும் இங்கிலீசும் தடையில்லாமல் பேசுவான். அவனே மேடத்திடம் சொல்லி ஜீவராணியைச் சேர்த்துவிட்டான். பங்களா வேலைக்குப் போகிறவள் தோட்டத்தில் பேர் வைத்திருக்க முடியாது என்றார்கள். தோட்டத்து ஆட்களின் பேர்ப் பதிவான செக்ரோலில் இருந்து பேரை எடுக்கச் சம்மதம் என்று ஜீவராணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அடுப்புப் பக்கத்தில் இருந்தால் மூச்சு விடலாம். அவளுக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

சிறு வயதிலிருந்து அவளைச் சித்தி என்று கூப்பிட்டவன், பங்களாவுக்குள் அக்கா என்று கூப்பிட்டான். அங்கே சொந்தம் கொண்டாடுவது மேடத்துக்குப் பிடிக்காது.

சில வாரங்களில் மேடம் இந்த ஊருக்கே உரிய ஒரு சாப்பாடு வேண்டுமென்று கேட்டார். திலக்ஷன் குசினிக்கு வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"ஜீவாக்கா, சாமான் இல்லாத வருஷம் நம்ம லயத்துல எல்லாரும் எளச்சுப் போனோமே. அப்ப என்னத்தச் சாப்பிட்டோம்?"

"சாப்பிட்டிருந்தா ஏன் எளைக்கிறோம்?"

அவன் சிரித்துவிட்டான். அம்மாவும் நீங்களும் லீக்ஸ் தழையில் வைப்பீர்களே, அந்தத் தண்ணியைத்தான் கேட்கிறேன் என்றான்.

அந்த வருஷத்தை அவள் மறந்திருக்கவில்லை. கோதுமை மா விலை கைக்கு எட்டாமல் போனது. மரக்கறி லொறிக்கு மூட்டை கட்டும் இடத்தில், வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸின் விலை போகாத பச்சைத் தழையை வெட்டிக் குவித்துவிட்டுப் போவார்கள். மாட்டுக்கு என்று சொல்லிப் பெண்கள் அதை அள்ளி வருவார்கள். மாடு வைத்திருந்தவர்கள் யாருமில்லை. தழையை அலசி, நறுக்கி, கரட் இலையும் இருந்தால் சேர்த்து, பூண்டு தட்டிப் போட்டு, மிளகு போட்டுக் கொதிக்க வைப்பார்கள். தழைத்தண்ணி என்று பேர். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம்.

ஆனால் அந்த வருஷத்திலும் தழைத்தண்ணியைத் தனியாக யாருக்கும் ஊற்றவில்லை. அந்த லயத்தில் வெறும் தண்ணியை மட்டும் ஊற்றிக் கொடுப்பது இழவு வீட்டில்தான். அடுப்பு மூட்டாத முதல் நாளில், அழுது தொண்டை வறண்டு கிடப்பவர்களுக்கு. மற்றபடி யார் கையில் கோப்பையைக் கொடுத்தாலும் மற்றக் கையில் கடித்துக்கொள்ள ஏதாவது வைத்தாக வேண்டும். ரொட்டியில் ஒரு பிய்ச்சல், அவித்த கிழங்கில் ஒரு துண்டு, ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கியாவது வைப்பார்கள்.

ஜீவராணி தழைத்தண்ணி வைத்தாள். மேடம் ருசி பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளே சாப்பாட்டு அறைப் பலகையில் அதற்கு இங்கிலீசில் ஒரு பேரும், பக்கத்தில் ஒரு எண்ணும் ஏறின. அது என்ன எண் என்று ஜீவராணி கேட்டாள்.

"கலோரி. சாப்பாட்டுல உள்ள சூட்ட அளக்கிற கணக்கு. இதுல ரொம்பக் கம்மி" என்றான் திலக்ஷன்.

"குளிருதுன்னுதானே சூப்பு குடிக்கிறாங்க? சூடு கம்மியா இருந்தா எதுக்கு?"

"அது வேற சூடுக்கா."

விருந்தாளிகள் விரும்பிக் குடித்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கோப்பையை அவர்கள் முன்னால் வைக்கும்போது ஜீவராணியின் கண் தானாக அவர்களுடைய மற்றக் கையைப் பார்க்கும். அந்தக் கை வெறுமையாக இருக்கும். கோப்பையை வைத்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட அவள் பழகிக்கொண்டாள்.

கார்த்திகை மழையில் ரிஸ்னா வந்தாள். கொழும்புப் பெண். கல்யாணம் நிச்சயமாகி, தைத்து வைத்த உடுப்புக்குள் உடம்பு போக வேண்டுமென்று தாய் அனுப்பி வைத்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு இந்தக் குளிர் புதிது. இரண்டு சுவெட்டர் போட்டும் நடுங்கியது. மற்றவர்கள் மூச்சுப் பயிற்சியில் இருக்கும்போது குசினிக்கு வந்து, ஆன்டி, நெருப்புக் கிட்ட நிற்கட்டுமா என்று கேட்டு நிற்கும். உம்மாவைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி, வீட்டில் பொரிக்கும் ரோல்ஸைப் பற்றிப் பேசும். சாப்பாட்டுப் பேச்சு வந்தால் நிறுத்தாது.

மழை விடாமல் கொட்டிய ஒரு மத்தியானம், ஜீவராணி அவளுக்குத் தழைத்தண்ணியைக் குசினியிலேயே கொடுத்தாள். பிள்ளை சுவெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு கோப்பையை வாங்கியது. இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். ஜீவராணியின் மத்தியானச் சாப்பாடு, கோதுமை ரொட்டியும் காரமான கொச்சிக்காய்ச் சம்பலும், துணியில் சுற்றி அடுப்பு மேட்டில் இருந்தது. ஒரு ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அந்தப் பிள்ளையின் கையில் வைத்தாள்.

வைத்த பிறகுதான், கோதுமை மா சேர்ப்பதில்லை என்று பலகையில் எழுதியிருப்பது ஞாபகம் வந்தது. எடுத்துக்கொள்ள முடியுமா? ரிஸ்னா அதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு, விரலில் ஒட்டிய சம்பலை நக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஜீவராணி வீட்டில் மாவைக் கொஞ்சம் கூடவே பிசைந்தாள். பிள்ளை புறப்படும்வரை அப்படித்தான் நடந்தது. தப்பென்று தெரியாமல் அவள் செய்யவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் எல்லோரையும் நிறுத்துப் பார்த்தார்கள். ரிஸ்னாவும் இளைத்திருந்தாள், மற்றவர்களை விடக் குறைவாக. பிறகு கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராக அனுபவம் சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம். ஒருவர் பனியைப் பற்றிச் சொன்னார், ஒருவர் நித்திரையைப் பற்றிச் சொன்னார். ரிஸ்னா எழுந்து, ஜீவராணி ஆன்டியைக் கூப்பிடுங்கள் என்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஜீவராணி வந்து நின்றாள்.

"வந்த அன்னைக்கே திரும்பிப் போகத்தான் இருந்தேன். ஆன்டி ஒவ்வொரு நாளும் தந்த ரொட்டி இல்லாட்டி நான் இங்க ஒரு வாரம் இருந்திருக்க மாட்டேன்."

அதை இங்கிலீசிலும் ஒரு தடவை சொன்னாள். கட்டிப் பிடித்து, கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டுமென்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். மேடமும் தட்டினார். திலக்ஷன் தட்டவில்லை என்பதை ஜீவராணி பார்த்தாள்.

காலையில் கார்கள் இறங்கிப் போனதும் திலக்ஷன் அவளைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டான்.

"மேடத்துக்கு உங்க மேல கோவம் இல்ல. அத முக்கியமாச் சொல்லச் சொன்னாங்க."

"அப்ப நாளைக்கி வரவா?"

அவன் வெங்காய மூட்டையைப் பார்த்தான். மா சேர்ப்பதில்லை என்று சொல்லித்தான் ஆட்களை வரவழைக்கிறோம், மா ஒத்துக்கொள்ளாதவர்களும் வருகிறார்கள், நாளைக்கு ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பங்களாவையே மூட வேண்டிவரும் என்று விளக்கினான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டாள்.

"அந்தப் புள்ள நடுங்குச்சு தம்பி. வெறுந் தண்ணிய எப்பிடிக் குடுக்கிறது? படிப்பு நின்னு நீ வீட்டுல கெடந்தப்ப எங்க வாசலுக்கு வருவியே, என்னைக்காவது வெறுந் தண்ணிய ஊத்தி அனுப்பியிருக்கேனா?"

"இல்ல."

"மழை தொடங்கிருச்சு. நான் மலைக்குப் போனா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றான். மேடத்திடம் இரண்டு தடவை பேசிப் பார்த்ததாகச் சொன்னான். பேசியிருக்கலாம். அவள் கதவு வரைக்கும் போன பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"சித்தி."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டு அவள் திரும்பினாள்.

"அந்தத் தழைத்தண்ணிக்கு மெளகு எவ்வளவு, எப்பப் போடணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. புதுசாச் சமைக்க வாறவங்களுக்குத் தெரியாது."

ஜீவராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்கம்மாகிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தோட்டத்து ஆபீசில், தானாகப் பேரை எடுத்துக்கொண்டவர்களைத் திரும்பப் பதிய முடியாது என்றார்கள். வேண்டுமானால் கைக்காசு ஆளாக வரலாம்; பறித்த கொழுந்துக்கு அன்றன்றைக்குக் காசு, வராத நாளைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலை, ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு போய் நின்றாள். கங்காணி அவளை மேட்டு மலைக்கு அனுப்பினார், பேச்சியம்மாவுக்குப் பக்கத்து நிரையில்.

பேச்சியம்மா அன்றைக்கு அதிகம் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. எப்போதும் வாய் ஓயாத மனுஷி. மகன் பேரை யாராவது எடுத்தால் கீழே குனிந்து கொழுந்தைப் பார்த்தாள். ஜீவராணியும் கேட்கவில்லை. கேட்க மூச்சும் இல்லை. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் நின்று நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பறித்தாள். நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கணக்கப்பிள்ளை கிலோவைக் கழித்தார். எடை குறைந்தால் கை தட்டுவது பங்களாவில் மட்டும்தான்.

அந்த வாரத்திலேயே ஒரு காலை, பனியும் தூறலும் விலகாத நேரத்தில், பங்களா விருந்தாளிகள் நடைக்கு வந்தார்கள். புது ஆட்கள். கூடவே ஒரு வேலைக்காரன் பெரிய பிளாஸ்க்கைத் தூக்கி வந்தான். படம் எடுத்தார்கள். ஜீவராணியின் மூச்சு விசில் மாதிரி இழுப்பதைக் கேட்ட ஒரு அம்மாள் பதறிப்போய், பிளாஸ்க்கிலிருந்து ஒரு கடதாசிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். குடி, குடி, சூடாக இருக்கிறது என்று சைகை காட்டினாள். பூண்டு வாசமும் லீக்ஸ் வாசமும் வந்தன.

ஜீவராணி தன்னுடைய மற்றக் கையைப் பார்த்தாள். கொழுந்துக் கறை பிடித்த வெறுங்கை. அதில் வைக்க அந்த அம்மாளிடமும் வேறு ஒன்றுமில்லை. அவளும் காலையிலிருந்து அதைத்தான் குடித்திருப்பாள். குடிக்க வேண்டாமென்றுதான் ஜீவராணி நினைத்தாள். ஆனால் நெஞ்சு சூடு கேட்டது. மடக்கு மடக்காகக் குடித்தாள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துக் கும்பிட்டாள். அந்த அம்மாள் கண் கலங்கி, அதையும் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

பேச்சியம்மா பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெளகு சரியாத்தான் இருக்கு, பேச்சியக்கா" என்றாள் ஜீவராணி. "எறக்குற நேரத்துல போட்டிருக்காங்க. நாம போடுறாப்புலயே."

 பேச்சியம்மா அவசரமாக இடுப்பு முடிச்சை அவிழ்த்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து, செடிக்கு மேலாகக் கையை நீட்டினாள். மழை அந்த ரொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஜீவராணி அதை வாங்காமல், கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு அடுத்த செடிக்குப் போனாள். அவளுடைய இழுப்புச் சத்தம் நிரையோடு மேலே ஏறிப் போவது கேட்டது.