பலகைகளின் முதுகுப்பக்கம்

அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயர் ரயில்பெட்டி. ஞாயிற்றுக்கிழமையானால் எல்லாரும் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். நான் ரயிலின் கடைசிப் பெட்டியில், கொக்கியில் சைக்கிளைத் தொங்கவிட்டுப் போவேன்.

வாகனக் காப்பீட்டில் வேலை. அடிபட்ட கார்களின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, இந்த நெளிவு புதிதா பழையதா, சொன்ன இடத்தில்தான் இடித்ததா என்று எழுதித் தர வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் காரைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குச் சொந்தமாக ஒரு கார் கதவுகூடக் கிடையாது. அப்பா சைக்கிளில் தண்ணீர் கேன் போட்டு என்னைப் படிக்கவைத்தவர். கியர் வைத்த மலை சைக்கிளை நான் வீட்டுக்குள் உருட்டி வந்தபோது அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சைக்கிள்ல இருந்து இறங்கணும்னுதான்டி உன்னைப் படிக்க வெச்சேன். நீ சம்பளம் வாங்கி மறுபடி அதுலயே ஏறி உக்காந்திருக்க."

"இதுல கேரியர் இல்லப்பா. யாரும் கேனை ஏத்த முடியாது."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மலையில் சைக்கிள் பாதைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு கிளப். அதன் தலை எங்கள் பிரிவு மேனேஜர்தான். எல்லாரும் அவரை கேப்டன் என்பார்கள், அவர் மனைவி உட்பட. நானும் வருகிறேன் என்றதும் ஒரு நிமிடம் தாடையைத் தடவினார்.

"என் கார்ல இடமில்லம்மா. நீ ட்ரெயின்ல வந்துடு. மலைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன ஹால்ட் ஸ்டேஷன் இருக்கு, அங்கிருந்து வழி ஏறுது. மேல பார்க்கிங்ல வந்து சேர்ந்துக்கோ."

மாலையில் பார்க்கிங்கில் நின்று கடைசிக் கார் போவதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேனிடம் பூட்டச் சொல்வது அவர் வேலை. "பார்க்கிங் காலின்னா மலை காலி" என்பார், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"நான் உள்ள இருந்தா?" என்று முதல் வாரமே கேட்டேன்.

"நீதான் கீழ இறங்கிப் போயிருப்பியே!"

"ரயில்பெட்டியைத் தனியா எண்ணணும் கேப்டன், இல்லன்னா கோச்சுக்கும்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளுக்கு வேறு என்ன வழி?

என் மேசை இழுப்பறையில் மஞ்சள் நிறத்தில் டயர் கழற்றும் நெம்பி ஒன்று கிடந்தது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவளுடையது. அவளைப் பற்றிக் கேட்டபோது வரவேற்பு மேசைக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"அவளா? சொல்லாம கொள்ளாம ஓடிட்டா. எவன்கூடயோ."

"எவன்?"

"அது தெரியாது. எவனாவது இருப்பான்ல?"

ஓடிப்போனதாகச் சொன்னவளின் அக்கா அவ்வப்போது வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பாள். தையல்காரி. அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் இருந்து எடுக்க மறந்து அப்படியே வந்துவிடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை கேப்டன் அவளிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"அன்னிக்கு அவ மலைக்கு வரவே இல்லம்மா. சாயங்காலம் பார்க்கிங்ல நானே நின்னு பார்த்தேன். ஒரு வண்டி இல்ல."

"காலையில சைக்கிளை எடுத்துட்டுத்தான் சார் போனா. ஓடிப்போறவ எவளாவது சைக்கிளைத் தூக்கிட்டு ஓடுவாளா?"

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் எழுந்து போனாள். கழுத்து நாடா தோளில் இருந்து நழுவித் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. ஏனென்றால் அந்த ஹால்டில் நான் வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

அந்த ஹால்டில் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. ஒரு நடைமேடை, ஒரு தகரக் கூரை, ஒரு கம்பம். கம்பத்தில் வட்டப் பலகை ஒன்று. ஏற ஆளிருந்தால் கைப்பிடியைப் பிடித்து அதன் சிவப்பு முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பவில்லை என்றால் மாலை ரயில் நிற்காமல் போய்விடும். அன்றைக்கு அதுதான் கடைசி ரயில். நான் ஏறும் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் அந்த ஹால்டுக்கு ரிட்டர்ன் டிக்கெட் மட்டும்தான் தருவார். "அங்க வீடே இல்லம்மா. போறவங்க திரும்பி வந்துதானே ஆகணும்" என்பார்.

நான் மட்டும்தான் இறங்குவேன். ஆனால் நடைமேடையின் விளிம்பில் இருந்து ஒரு டயர் தடம் எப்போதும் எனக்கு முன்னால் போயிருக்கும். மழையே இல்லாத மாதத்திலும் ஈரமாக இருக்கும். என்னுடைய தடமில்லை. அந்த டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர் பட்டன்களில் ஒன்று பெயர்ந்துபோயிருக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதெல்லாம் மண்ணில் ஓர் இடம் பொக்கை. எந்த நெளிவு எந்தப் பக்கம் இருந்து வந்தது என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். பட்டன்களின் சாய்வைப் பார்த்தாலே தெரியும்: தடம் உள்ளே போகிறது. திரும்பி வந்த தடம் ஒரு வாரமும் இல்லை.

ஏதோ ஒரு பைத்தியம், என்னைப் போல, வேறு வழியாகத் திரும்பிப் போகிறது என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு அந்த மஞ்சள் நெம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. ரயிலில் வந்தவள், பார்க்கிங்கில் கார் இல்லாதவள், ஒருத்தி திரும்பவில்லை என்றால் யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ச் சேர்ந்து, அவர்களோடு வழக்கம்போலச் சுற்றினேன். அவர்கள் தின்றுகொண்டிருந்தபோது கிளம்பி ஹால்டுக்கு இறங்கினேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. அங்கிருந்து மறுபடி தடத்தைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். நான் எப்போதும் வலது. தடம் இடது. இடது பாதை குறுகலாக, இலை மூடிக் கிடந்தது. வழியில் கிளப் வைத்த பலகைகள் தென்பட்டன. ஆனால் எல்லாமே பார்க்கிங்கில் இருந்து வருகிறவர்களைப் பார்த்து நின்றன. கீழிருந்து வருகிற எனக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் ஒட்டுப்பலகையின் முதுகு. ஒவ்வொன்றாக, பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி. பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. என் மூச்சும் டயரும்தான் கேட்டன. தடத்தின் ஈரம் போகப்போகக் கூடியது.

வளைவில் இன்னொரு பலகையின் முதுகு. என்ன எழுதியிருக்கிறது என்று தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்கலாம் என்று மிதித்தேன். பலகையை எட்டுவதற்கு முன்பே பாதை இல்லை. மழையில் பாதி சரிந்து, அதன் மேல் புதர் முளைத்து, பார்வைக்குத் தரை மாதிரி இருந்தது.

முட்புதர்தான் என்னைத் தாங்கியது. கணுக்கால் திரும்பிக்கொண்டது. சைக்கிள் மேலே ஒரு வேரில் மாட்டித் தொங்கியது. நான் பலகைக்கு மறுபக்கம் உருண்டிருந்தேன்; அங்கிருந்து அண்ணாந்து பார்த்தபோது அதன் முகம் தெரிந்தது. சிவப்பு எழுத்தில், அழகான கையெழுத்தில்: பாதை சரிந்துள்ளது, செல்லாதீர்கள். பார்க்கிங்கில் இருந்து வருகிறவர்கள் மேல்தான் எவ்வளவு அக்கறை!

போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேலே, நினைத்ததைவிடப் பக்கத்தில், கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கேப்டனின் குரல்.

"எல்லாம் போயாச்சா?"

"ஒரு வண்டி இல்ல சார்."

"அப்ப பூட்டிடு."

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கேப்டனின் காரில் பாட்டு ஓடத் தொடங்கியது. சங்கிலி கேட்டைச் சுற்றும் சத்தம். பிறகு எதுவும் இல்லை. அவர் என் பெயரைச் சொல்லிக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலை காலி.

எழுந்து நிற்கலாம் என்று கையை ஊன்றினேன். விரல்களில் ரப்பர் தட்டுப்பட்டது. என் சைக்கிள் தலைக்கு மேலே தொங்கியது. இது வேறு டயர். முள்ளுக்குள் புதைந்து, கொடி சுற்றிக் கிடந்தது. கட்டைவிரலை அதன் மேல் ஓட்டினேன். பட்டன், பட்டன், பட்டன், பிறகு ஒரு பொக்கை. கொடி காய்ந்திருந்தது, கம்பி துருப்பிடித்திருந்தது, டயரில் மட்டும் சேறு ஈரமாக இருந்தது.

அந்தப் புதருக்கு அப்பால் இன்னும் என்ன கிடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். மிதிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்சக்கரம் போடுகிற சத்தம். அண்ணாந்து பார்த்தேன். என் சக்கரம் அசையவில்லை. சத்தம் எனக்குக் கீழே, பள்ளத்தில் ஓடும் ஓடையோரமாக, ஹால்டு இருக்கும் திசையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். நடுவில் ஒருமுறை நின்றது. நான் வருகிறேனா என்று பார்ப்பது போல.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மேலே பூட்டிய கேட், கீழே அந்தச் சத்தம். மனிதர்கள் என்னை எண்ணவில்லை, யாரோ எண்ணுகிறார்கள். தவழ்ந்தும் உட்கார்ந்து நகர்ந்தும் அதன் பின்னால் இறங்கினேன்.

ஓடை காட்டைவிட்டு வெளியே வருவதற்குள் ரயில் ஊதியது. நான் எட்டாத தூரத்தில் இருந்தேன். பலகையைத் திருப்ப ஆளில்லை. நிற்காமல் போகப்போகிறது என்று மண்ணில் குத்தினேன். பிரேக் கிறீச்சிட்டது. ரயில் நின்றது.

நான் நடைமேடைக்கு நொண்டி வரும்வரை ரயில் கார்டு விசிலைக் கையில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பலகையைத் திருப்பிட்டு எங்கம்மா போன? எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறது?"

"நான் திருப்பலண்ணா."

"பின்ன, இங்க பேயா இருக்கு திருப்ப?" என்று சிரிக்கப்போனவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "கால்ல என்னம்மா ரத்தம்? ஏறு, ஏறு. கையைக் குடு."

பலகையின் சிவப்பு முகம் எங்களைப் பார்த்து நின்றது. கைப்பிடியில் சேறு. சொட்டிக்கொண்டிருந்தது.

ரயிலில் இருந்தே போலீஸுக்குச் சொன்னேன். மறுநாள் காலையில் கயிறு கட்டி இறங்கியவர்கள் இரண்டு சைக்கிள்களையும் கொண்டுவந்தார்கள். பிறகு அவளையும்.

நான் கட்டுப் போட்ட காலோடு அலுவலகத்துக்குப் போனேன். கேப்டன் வெளுத்துப்போயிருந்தார். சுற்றி எல்லாரும் நின்றார்கள்.

"அன்னிக்கு பார்க்கிங் காலியாத்தான்மா இருந்துச்சு. சத்தியமா நானே பார்த்தேன்."

"அவகிட்ட கார் இருந்துச்சா சார்?"

அவர் மேசையில் கிடந்த தன் கார் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அவளை ட்ரெயின்ல வரச் சொன்னது யாரு?"

"...நான்தான்."

"வரச் சொன்னவருக்கு, வந்தாளா இல்லையான்னு பார்க்கத் தோணல. எவன்கூடயோ ஓடிட்டான்னு சொல்ல மட்டும் இத்தனை வாய் இருந்துச்சு!"

வரவேற்பு மேசைக்காரி அழுதாள். அழட்டும். தையல்கார அக்கா அன்று வந்தபோது அந்த மஞ்சள் நெம்பியைக் கொடுத்தேன். தங்கையின் பையில் இருந்து போலீஸ் எடுத்துத் தந்தவற்றை எனக்குக் காட்டினாள். சீப்பு, சாவி, நனைந்து காய்ந்த ரயில் டிக்கெட். மலைக்குப் போகும்போது போட்ட ஓட்டை ஒன்றுதான் அதில் இருந்தது, திரும்பும்போது போட வேண்டியது இல்லை. "அவ போன ரயில்லதானே நீயும் போற, அந்த டிக்கெட்டை நீயே வெச்சுக்கோ" என்று என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

கால் சரியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் டப்பாவோடு ரயிலேறினேன். சாயங்காலம் வரை ஒவ்வொரு பலகையின் முதுகிலும் அதன் முகத்தில் இருந்ததையே எழுதினேன். அழகான கையெழுத்து இல்லை. பெரிய எழுத்து.

திரும்பி நடைமேடைக்கு வந்தபோது தடத்தைப் பார்த்தேன். ஈரம், பொக்கை, அதே டயர். ஆனால் பட்டன்களின் சாய்வு மாறியிருந்தது. காட்டுக்குள் இருந்து வெளியே வந்து, நடைமேடையில் ஏறி, கடைசிப் பெட்டியின் கதவு வந்து நிற்கும் இடத்தில் முடிந்திருந்தது.

பலகையை நான்தான் திருப்பினேன். ரயில் வந்து நின்றது. கார்டு கதவைத் திறந்தார். நான் ஒதுங்கி நின்றேன்.

"நீங்க முதல்ல ஏறுங்கக்கா" என்றேன், தடம் முடிந்திருந்த இடத்தைப் பார்த்து.

கார்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "யார்கிட்டம்மா பேசுற? டிக்கெட் ஒண்ணா ரெண்டா?"

என்னுடையதையும் அந்தப் பழைய டிக்கெட்டையும் சேர்த்து நீட்டினேன். அவர் பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேதியைப் படித்தார். என்னைப் பார்த்தார். பெட்டிக்குள் டிக், டிக் என்று ஒரு சக்கரம் உருண்டு போய் நின்றது. கொக்கி ஒன்று கனம் ஏறியதுபோல் முனகியது.

அவர் ஓட்டை போடும் கருவியை எடுத்தார். இரண்டு டிக்கெட்டிலும் ஓட்டை போட்டுக் கொடுத்தார்.